பன்னிரண்டால் பெருக்கி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்
என்று சொல்லி வைத்தவர்கள்
பார்க்காமல் வாங்குவதைப் பற்றி
ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

கிரிம்ஸ்பியை நான் வரைபடத்தில்தான் கண்டேன்.
குணநாயகம் விரல் வைத்த இடம்,
கடலுக்கு ஒரு நகக்கண் தூரம்.
"லண்டனில் கார் நிறுத்த இடம் வாங்கும் காசுக்கு
அங்கே முழு வீடு மச்சான், மாடியோடு."
வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கினான்.
எங்கள் இருவருக்கும் நடுவே கால்குலேட்டர்
படையல் வைத்த மாதிரி இருந்தது.
சுகிர்தா தேநீரை வைத்துவிட்டு
"பன்னிரண்டு மாதமும் ஆள் இருக்குமோ?" என்றாள்.
சீனி போதாது என்றோம்.

சர்வேயர் ஐந்நூறு பவுண்ட் கேட்டார்.
மிச்சம் பிடித்தோம்.
அந்த ஐந்நூறைத்தான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்,
மாதாமாதம், வேறு வேறு பெயர்களில்.

ஏலம் வாட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில்.
கையை உயர்த்தியது நான்தானா?
முன்வரிசையில் ஒருத்தி உயர்த்தினாள்,
அவளிடம் தோற்கக் கூடாது என்று
என் கை தானாகப் போயிற்று.
நாற்பத்தொன்பதாயிரத்திலிருந்து அறுபத்திரண்டு வரை
அந்தக் கையில் எலும்பே இல்லை.
சுத்தியல் விழுந்ததும் பின்னால் யாரோ கைதட்டினார்.
விற்றவராக இருக்கும் என்று
மோட்டார்வேயில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

ஐந்து மாதம் ஆளில்லை.
ஆளில்லாத வீட்டுக்கும் கவுன்சில் வரி உண்டு என்பதை
ஒரு கடிதம் மிக மரியாதையாகச் சொன்னது.
ஆறாவது மாதம் கேய்லி வந்தாள், ஒரு பையனோடு.
பிறகு ஏஜென்டின் மின்னஞ்சல்களில்
அவள் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும்
ஈரம், ஈரம், மறுபடியும் ஈரம்.
"பெயின்ட் அடித்தால் போகும்" என்று எழுதினேன்,
இரவு வேலை இடைவேளையில்,
ஒரு கையில் சாண்ட்விச்சோடு.

நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு நான் போனது
இரண்டாவது பிப்ரவரியில்.

முன்னறைச் சுவரில் பென்சில் கோடுகள்.
பையனின் உயரம், ஒவ்வொன்றுக்கும் தேதி.
பக்கத்திலேயே அதே பென்சிலால்
இன்னொரு வரிசை.
"அது யார்?" என்றேன்.
"அது ஈரம்" என்றாள் கேய்லி.
"ரெண்டையும் ஒரே நாளில்தான் அளப்பேன்.
கிறிஸ்மஸ் வரைக்கும் ரீஸ்தான் முன்னால் இருந்தான்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்
சமாளித்திருப்பேன்.
கோபத்துக்குப் பதில் சொல்ல ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருக்கிறது.
பையன் என் காலணியைப் பார்த்தபடி இருமினான்.
மூன்று வயது.
என் கணக்கில் அதுவரை அவன்
மாதம் நானூற்றைம்பது பவுண்ட்.

பின்சந்தில் உடைந்த வடிகால், அழுகிய தரைமரம்:
பதினோராயிரம் என்றார்கள்.
குணநாயகத்துக்குப் போன் செய்தேன்.
"பத்திரம் உன் பெயரில்தானே மச்சான்" என்றான்.
அது உண்மை.
அவன் அன்று வரைபடத்தில் வைத்தது
விரலை மட்டும்தான்.

கேய்லிக்குக் கவுன்சில் வேறு வீடு கொடுத்தது.
நாற்பத்தாறாயிரத்துக்குக் கேட்டு வந்தவன் சின்னப் பையன்,
கழுத்தில் ஹெட்ஃபோன்.
வடிகாலைச் சொன்னேன். தரையைச் சொன்னேன்.
வேண்டாத நல்லவனாக
இருமலையும் சொன்னேன்.
"பெயின்ட் அடித்தால் போகும்" என்றான்,
போனிலிருந்து கண்ணெடுக்காமல்.
எந்த எண்ணால் பெருக்குகிறான் என்று
எட்டிப் பார்க்கவில்லை.

கதவைப் பூட்டும் முன் ஒருமுறை உள்ளே போனேன்.
வால்பேப்பரில் ஒரு நீளமான துண்டை
பிளேடால் நேராக, பொறுமையாக வெட்டி
எடுத்துப் போயிருந்தாள் கேய்லி.
ரீஸின் கோடுகள் மட்டும்.
மற்ற வரிசையை
எனக்கு விட்டிருந்தாள்.