ஐந்நூறும் ஐந்நூறும்

ஆரம்பாக்கத்தில் இரவு ஒன்பதுக்குக் கம்பெனி பஸ்.
செக்போஸ்ட் தாண்டியதும் பெயர்ப்பலகைகளில்
எழுத்துக்கெல்லாம் தலையில் ஒரு டிக் முளைத்துவிடும்,
எவரோ முன்பே வந்து
எல்லாம் சரி என்று பார்த்துப் போனதைப்போல.

தடாவில் எங்கள் கூடம்.
ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குள்
அட்டையில் சொன்ன அளவுதான் இருக்கிறதா என்று
கேட்கவேண்டும். கேட்பது கருவி.
கருவிக்குக் குடிக்கக் கொடுப்பது நான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு
உப்பு ஆறு புள்ளி எட்டு கிராம்.
அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு
மீட்டரில் மூன்று வரும்வரை மூச்சைப் பிடித்திருப்பேன்.
ஒரு சொட்டு கூடினால் பின்வாங்க வழியில்லை,
கொட்டிவிட்டு முதலிலிருந்து.
மெத்தனால் சேர்த்த பிறகு மீட்டரைக் கேட்கக்கூடாது;
வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

இதில் ஐந்நூறு, மெத்தனாலில் ஐந்நூறு,
தனித்தனியே அளந்து ஒரே பாட்டிலில் ஊற்றினால்
ஆயிரம் வராது.
முப்பது மில்லிக்கு மேல் காணாமல் போகும்.
சிந்தவில்லை. ஆவியாகவில்லை.
ஒன்றுக்குள் ஒன்று
இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டது.
கையுறைக்கு உள்ளேயும் தெரியும் அந்தச் சூடு,
கோழி அப்போதுதான் இட்ட முட்டைபோல.
மெத்தனாலுக்குப் பதில் அசிட்டோநைட்ரில் என்றால்
அதே பாட்டில் சில்லிட்டு வியர்க்கும்.
ஏன் என்று பெஞ்சலய்யாவைக் கேட்டேன்.
சில கல்யாணம் அப்படித்தான் என்றான் தெலுங்கில்.

பிறகு வடிகட்டி. அரை மைக்ரானுக்கும் சிறிய கண்.
ஒன்றுமே இல்லை என்று நம்பிய தெளிவிலிருந்தும்
தாளில் சாம்பலாய் ஒரு வட்டம் தங்கும்.
சொனிகேட்டரில் கால் மணி நேரம்
காற்று மணிமணியாய் வெளியேறும்.
மிஞ்சிய குமிழி ஒன்று பம்புக்குள் போனால் போதும்,
அழுத்தம் ஏறி இறங்கி ராத்திரியைக் கெடுத்துவிடும்.
உப்புத் தண்ணீரின் பின்னாலேயே
வெறும் அசிட்டோநைட்ரிலை விட்டால்
உப்பு கல்லாகிக் காலம் அடைத்துக்கொள்ளும்.
எங்கள் ஊரில் காலம் என்பது
ஒரு சாண் எஃகுக் குழாய், விலை நாற்பதாயிரம்.
அடைபட்ட காலங்கள் இரண்டு
என் இழுப்பறையில் கிடக்கின்றன.

கார்த்திகையில் ஒருநாள் நள்ளிரவு
கிழக்கு ஜன்னல் பட்டப்பகலாகி
கடலோரத்திலிருந்து ராக்கெட் போனது.
கண்ணாடி அதிர்ந்தது. மாடிக்கு ஓடினோம்.
திரும்பி வந்தால் திரையில்
அடிக்கோடு அசையவே இல்லை.
நாலு நிமிடம் கழித்து,
மாத்திரையே கரைக்காத வெறும் ஊசியில்
ஒரு சின்ன மேடு.
மறுபடி ஊசி.
மறுபடி மேடு.

பாட்டில்களை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே தூக்கினேன்.
பஃபர் பாட்டிலின் அடியில்
இமைமுடி போல ஒன்று
தன் போக்கில் வளர்ந்துகொண்டிருந்தது.
லேபிளில் அன்றைய தேதி.
கால் பாட்டில் பழையது இருக்க
அதன் தலையில் புதியதை ஊற்றி
நிரப்பிய கை யாருடையது?
தேதிக்குக் கீழே அஞ்சுகம் என்பதன் அ.
என் அ. வால் சற்று நீண்டது.
அன்று பஸ் தாமதம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஷிப்ட் பொறுப்பாளர் மஸ்தானம்மா படிவத்தோடு வந்தார்.
"எவரு?"
மூலகாரணம் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுத
தாராளமாக இடம் இருந்தது.
"நேனே" என்றேன்.
ஒரு கொம்பு போய் ஒரு துணைக்கால் வந்தால்
அதுவே என் பாஷை.

அவர் திட்டவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு
பேனாவை என்னிடமே விட்டுப் போனார்.

இரண்டு மணிக்குப் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.
பழையது முழுவதும் கழிவுக் கேனுக்கு.
ஆறு புள்ளி எட்டு கிராம்.
மூன்று புள்ளி பூஜ்யம் இரண்டு.
ஒரு சொட்டு.
மூன்று.
ஐந்நூறு. ஐந்நூறு.
கையில் சூடு ஏறியது.
முப்பதும் சொச்சமும் எங்கேயோ போயிற்று, வழக்கம்போல.