வில்லாபுரத்தில் கரண்ட் போனபோது

லேப்டாப் அடிக்கச் சொல்கிறது.
டேப்லெட் யோசித்து அடிக்கிறது.

தாமதம் மட்டுமென்றால் பரவாயில்லை,
இருபது மில்லிசெகண்ட் முன்னாலேயே சொல்லிவிடலாம்.
இது ஒருதடவை எட்டு, ஒருதடவை முப்பத்தொன்று,
பெரியாரிலிருந்து வரும் டவுன் பஸ் மாதிரி
சிலநேரம் இரண்டு சேர்ந்தாற்போல்.

"பேஸ் நொண்டுதுடா" என்றான் குபேந்திரன்,
இயர்போனின் மற்ற முனையிலிருந்து.

பஃபரைக் குறைத்தேன். கரகரத்தது.
கூட்டினேன்.
பரோட்டா ஆறிப்போனது.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது.
தெருவின் பதினேழு வைஃபையும்
ஒரே நொடியில் செத்தன.
இருட்டில், பேட்டரியில்,
இரண்டு திரைகள் மட்டும்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு
பிசகாமல்
பதினாறு பார்.

சால்னாவில் முக்கிய கையை
குபேந்திரன் எடுக்கவே இல்லை.

பிறகு ஃபேன் சுற்றியது.
கீழ்வீட்டில் ஒரு சீரியல்
பாதியிலிருந்து அழுதது.
பேஸ் மறுபடி
நொண்டிக்கொண்டு வந்தது.