நூறு எண்ணுகிற வேலை

ஈரோட்டில், மருந்துக்கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவே
அகலம் குறைந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்.
அடுத்தவர் உடம்பின் வெள்ளை அணுக்களை எண்ணுவதுதான்
பதினோரு வருடமாக எனக்குச் சோறு.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டை இழுத்து
ஊதாச் சாயம் ஊற்றி, உலர்த்தி
லென்ஸுக்கு அடியில் வைத்தால்
மூன்று கண் நுங்கு மாதிரி ஒன்று வரும்.
ஒரு விசையைத் தட்டுவேன்.
உருண்டையாய், இருட்டாய், கருப்பட்டித் துண்டு போல் ஒன்று.
வேறு விசை.
நூறு ஆனதும் மணி அடிக்கும்.
யார் யார் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று
மேஸ்திரி போல எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

புரட்டாசியில் சென்னியப்பன் வந்தார்,
மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்.
காது மடல், நகக்கண், இமை மயிர் எல்லாம் மஞ்சள்.
கையில் கட்டிய ரப்பர் பட்டையும் மஞ்சளாயிற்று.
"இருவது வருசமா இதுலயே பொரள்றனுங்க.
பால்ல ஒரு சிட்டிகை போட்டுக் குடிச்சா
சீக்கு அண்டாதுங்குது ஊரு.
நான் மூச்சு வாங்கறதே இதைத்தானுங்களே,
எனக்கு மட்டும் ஏனுங்க மாசம் ரெண்டு காய்ச்சல்?"
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
இருமல் முடிய நேரம் பிடித்தது.

அவர் சில்லில்
கேழ்வரகை அள்ளி இறைத்தது போல்
செம்மணி நிறைந்த அணுக்கள்.
தூசியோடு மல்லுக்கு நிற்கிற கூட்டம்.
இரண்டோ மூன்றோ இருக்க வேண்டிய இடத்தில்
பதினேழு எண்ணினேன்.

எவ்வளவு நேரம் தூங்குவீங்க என்று
நான் கேட்கக் கூடாது, அது டாக்டர் வேலை.
கேட்டுவிட்டேன்.
"லாரி வந்தா லோடு, போனாத் தூக்கம்.
நாலு மணி நேரம் கெடச்சாத் தீவாளிங்க.
நீங்க?"

நானா.
ஒன்றரை மணி வரை போன் வெளிச்சத்தில்
யாரோ ஒருத்தி சமையலறையை மாற்றி அமைப்பதைப் பார்ப்பவள்.
வாயில் புண் ஆறி, புண் வந்து, ஆறி.
அன்று ஷட்டரை இறக்கும் முன்
என் விரலை நானே குத்திக்கொண்டேன்.
எண்கள் தப்பில்லை. ஓரத்தில் நின்றன,
வரப்பு விளிம்பில் கால் வைத்த ஆள் மாதிரி.

வீட்டில் ஃபிரிஜ் மேல்
கோபிக் கொழுந்தனார் என் தலையில் கட்டிய
எதிர்ப்புச் சக்திப் பொடி, தொள்ளாயிரம் ரூபாய்.
இரண்டு மாதம் குடித்ததில்
எதிர்த்தது என் நாக்கு மட்டும்.

போனை அரிசி அண்டாவுக்குள் வைக்க ஆரம்பித்தேன்,
பத்து மணிக்கு, மூடி போட்டு.
விடிந்ததும் காலிங்கராயன் வாய்க்கால் கரை.
முதல் வாரம் நாய்கள் குரைத்தன,
இரண்டாம் வாரம் கூட நடந்தன.
மத்தியானப் பரோட்டா இருந்த இடத்தில்
கம்மஞ்சோறு, தயிர், சின்ன வெங்காயம்,
கிடைத்தால் ஒரு கொய்யா.
தினமும் என்று சொன்னால் பொய்.
வெள்ளிக்கிழமைகளில் தோற்றேன்.
நாத்தனார் மகள் கல்யாண வாரம் முழுக்கத் தோற்றேன்.
கை கழுவுவது ஒன்றுதான்
எனக்கு ஏற்கெனவே நன்றாக வரும்.

மார்கழியில் மறுபடி குத்திப் பார்த்தேன்.
கிட்டத்தட்ட அதே எண்கள்.
எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.
அந்த மாதச் சளி வழக்கம் போல வந்தது,
ஆனால் வெசனமில்லாத ஒறம்பரை மாதிரி
இரண்டாம் நாளே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டது.
அதை எந்த விசையில் தட்டுவது?

நேற்று ஜன்னலுக்கு வெளியே ஒரு மொபெட்.
மூக்கை மூடி ஈரத் துண்டு, மேலே மஞ்சள் இமைகள்.
நிறுத்தாமலே கையை விரித்துக் காட்டினார்,
ஐந்து விரல்.
"அஞ்சு மணி நேரமுங்க!"
லென்ஸை விட்டு, கையுறையோடு
இரண்டு கையாலும் ஏழு காட்டினேன்.

திரும்பினால்
எந்த அணு வரை எண்ணினேன் என்று தெரியவில்லை.
மறுபடி ஒன்றிலிருந்து.