மீதி

ராஹே நகரில் ஜனவரி.
சூரியன் பத்து மணிக்கு வந்து
கையெழுத்துப் போட்டுவிட்டு
மூன்றுக்குள் கிளம்பிவிடுகிறது.

ஊர் முழுக்க வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நிலையத்தில்
ஹில்க்காவுக்கு இரவுப் பணி.
அழுத்தம் காட்டும் திரைக்குப் பக்கத்தில்
அலுவலகம் கழித்துக்கட்டிய கணினி ஒன்று
நாற்பத்தொரு நாளாய்
ஒரே எண்ணை விசாரித்துக்கொண்டிருக்கிறது.

எட்டுக் கோடிக்கும் மேல் இரண்டுகளைப் பெருக்கி
அதில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்.
எழுதினால் இரண்டரைக் கோடி இலக்கம், கொஞ்சம் குறைய.
இருமத்தில் எழுதினால்
ஒன்று ஒன்று ஒன்று என்று
மூச்சுவிட ஒரு பூஜ்யம்கூட இல்லாமல்.

விசாரணை எளிதுதான்.
நான்கில் தொடங்கு. வர்க்கமாக்கு. இரண்டைக் கழி.
அந்த எண்ணால் வகுத்து
மீதியை மட்டும் வைத்துக்கொள்.
மறுபடி வர்க்கமாக்கு.
எட்டுக் கோடிச் சொச்சம் முறை.
நடுவில் ஓரிடத்தில் கை பிசகினாலும் எல்லாம் வீண்.
கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாவிட்டால்
அது பகா எண்.

சாம்பல் அள்ளவரும் ரெய்யோவுக்கு வேறு கவலை.
சவுனா அறைத் தரைக்கு
மலிவாய்க் கிடைத்ததென்று வாங்கிய சதுர டைல்கள்
நூற்று இருபத்தேழு.
எப்படிப் பரப்பினாலும் செவ்வகமாக வரமாட்டேன் என்கின்றன.
"ஒரே வரிசையாகப் போடேன்," என்றாள் ஹில்க்கா.
"நான் என்ன, குழாய்க்குள்ளேயா குளிக்கிறேன்?"
சதுரங்களாக அடுக்கினான்:
பதினொன்றுக்குப் பதினொன்று, அப்புறம் ஒரு நாலு,
அப்புறம் ஒன்று, இன்னொன்று.
மூன்று சதுரத்தில் முடிக்க
எவனாலும் ஆகாது என்று அவள் சொன்னதை
அவன் நம்பவில்லை.

வியாழன் விடிகாலை நான்கு இருபதுக்கு
கணினி நின்றது.
திரையில் ஒரு மீதி.
பூஜ்யம் இல்லை.

"அப்படியென்றால்?"
"பகா எண் இல்லை."
"எதனால் வகுபடும்?"
"தெரியாது."
"தெரியாமலே எப்படிச் சொல்கிறாய்?"
ஹில்க்கா திரையைக் காட்டினாள்.
ரெய்யோவுக்குத் தன் அக்காவின் விவாகரத்து நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை.

காப்பி வடிதாளை மடித்து, அதன் மேல்
அவன் டைல் கணக்கை எழுதினாள்.
நான்கு.
பதினான்கு.
அறுபத்தேழு.
நாற்பத்திரண்டு.
நூற்றுப் பதினொன்று.
அதை வர்க்கமாக்கி, இரண்டைக் கழித்து,
நூற்று இருபத்தேழால் வகுத்தபோது
எதுவும் மிஞ்சவில்லை.
பேனாவை மேசையில் வைத்துவிட்டு
அந்தப் பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாற்பத்தொரு நாள் கேட்டதை
ஆறு வரியில் கொடுத்துவிட்டது
சின்ன எண்.

திங்கட்கிழமை ரெய்யோ வந்தான்.
ஒன்பதுக்குப் பதினான்கு, மூலை மூலையாகப் பொருந்திவிட்டதாம்.
மிஞ்சிய ஒரு டைலை
அவள் மேசையில், காப்பிக் கோப்பைக்கு அடியில் செருகினான்.

கணினி அடுத்த எண்ணோடு
நான்கிலிருந்து தொடங்கியிருந்தது.
டைல் ஒரு பக்கம் லேசாக ஆடியது.