கூட்டிய பிள்ளை

நெற்குப்பையில் நான் குடித்த கடைசித் தண்ணீர்
சமையல்கட்டு மூலையிலிருந்த செப்புக்குடத்தது.
கோனாபட்டில் குடித்த முதல் தண்ணீர்
மஞ்சள் கரைத்தது.
நடுவே ஒரு கார்ப் பயணம்,
செம்மண், வற்றிய கண்மாய், கருவேலம்.
கோயில் ஒன்றுதான் என்று கேட்டுக்கொண்டார்கள்,
ஜாதகம் ஒத்தது,
தோள் அகலம் ஒத்தது.
தோள் அகலத்தை எதற்குப் பார்த்தார்கள் என்று
அன்று எனக்குத் தோன்றவில்லை.

வயிரவன் என்ற பெயரை
நனைந்த குடையை வாங்கி வைப்பதுபோல
முகப்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
"சோலையப்பா, உள்ள வா" என்றாள் ஆத்தா.

சோலையப்பன் பினாங்கில் காய்ச்சலில் போய்
ஏழு வருஷம்.
உடம்பு வரவில்லை.
பெட்டி வந்தது.

அந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிற வீடு.
நாற்பது அறை, முப்பத்தெட்டுக்குப் பூட்டு.
சமையலுக்கு வரும் சின்னக்கருப்பன்
விளக்கு வைக்கும் முன் கிளம்பிவிடுவான்,
கூலியைக்கூட மறுநாள் காலையில்தான் வாங்குவான்.

சட்டைகள் பொருந்தின. செருப்பும்.
அவன் இடக்கைக்காரன் என்று யாரும் சொல்லவில்லை.
மாசி மாதம் பாங்கியில்
பேனா தானாக இடக்கைக்குப் போனது.
குமாஸ்தா பழைய பேரேட்டைப் புரட்டி ஒப்பிட்டு
"சரியா இருக்குண்ணே" என்றான்.
நான் வெளியே வந்து
வெயிலில் வெகுநேரம் நின்றேன்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து இழைத்தது.
விரல் வைத்தால் வழுக்கும், முகம் தெரியும்.
கரண்டு போன இரவுகளில்
வளவில் விளக்கோடு நடந்தால்
சுவருக்குள் ஒருவன் கூடவே நடப்பான்.
நான் நின்றால் அவனும் நிற்பான்,
ஓர் எட்டு கூட வைத்துவிட்டு.

ஆடியில் தட்டல் தொடங்கியது.
இரட்டை அறையின் உள்ளறையில், பெட்டிக்குள்.
மூன்று தட்டு.
பிறகு என் குரல்:
"சோலையப்பா, மூடியத் தொறடா.
நான் வயிரவன்."

பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.
செத்தவனுக்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா?
காரியம் செய்யாமல் விட்டதால்தான் கத்துகிறான் என்று
வயிரவனின் பனியன்,
எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், ஜாதகம்,
நெற்குப்பை வீட்டுச் சாவி
எல்லாவற்றையும் ஒரு துண்டில் முடிந்து
எள் இறைத்து, தலை முழுகி
ஈரத்தோடு போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

இடம் இல்லை.

பள்ளத்தூர்ச் சலவைக்குறி போட்ட ஒரு பனியன்.
தேவகோட்டைப் பள்ளி முத்திரையோடு ஒரு சான்றிதழ்.
யாருடையதோ கண்ணாடி, ஒரு பக்கம் உடைந்தது.
மூன்று ஜாதகம்,
மூலைகளில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.
பனியனை விரித்து
என் மார்பில் வைத்துப் பார்த்தேன்.
அதே அகலம்.

முழங்காலை வைத்து அழுத்தித்தான்
மூடியைப் பூட்ட முடிந்தது.
அதன் பிறகு தட்டல் ஒன்றாக வரவில்லை,
நாலாக வந்தது.

ஐப்பசி மழையில் ஒருத்தன் வந்து
பட்டாலையில் சொட்டச் சொட்ட நின்றான்.
பெத்தபெருமாளாம். வயிரவனின் தம்பியாம்.
"அண்ணே, ஆத்தா போயிட்டா" என்றான்.
"ஆத்தா உள்ளே பூக் கட்டுகிறாள்" என்றேன்.
"நம்ம ஆத்தாண்ணே."
"நீங்கள் தேடுகிறவர் இறந்துவிட்டார் தம்பி.
காரியமெல்லாம் முறையாகச் செய்தாயிற்று,
நானே செய்தேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான், அழப் பார்த்தான்.
என் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.
திடீரென்று கையை எடுத்தான்,
உள்ளறைப் பக்கம் திரும்பினான்:
"அது என்ன சத்தம்?"

"எலி" என்றபடி ஆத்தா வந்தாள்,
மடியில் கட்டாத மல்லிகை.
"மழையில எங்க போற, சாப்பிட்டுட்டுப் போ அப்பச்சி."
முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.
இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை
நூலை நீவுவதுபோல
மெதுவாக அவள் பார்வை போனது.

எனக்குச் சட்டை
தொளதொளவென்று இருந்தது.