ஏறச்சொல்ல

எர்ணாவூர் கண்டெய்னர் யார்டின் டைம் ஆபீஸில்
எனக்கு வேலை, நேரத்தை இங்கிலீஷில் எழுதுவது.
உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்,
லாரி காத்துக் கிடந்த நேரம், அதற்கு வாடகை.
விபத்து என்றால் நான்கு பிரதி.

காலடிப்பேட்டையில் ஒரு மாடியறை.
மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்தேன்.
கிளாரிபெல் மிஸ் பலகையில் கோடு கிழிப்பார்.
நீளக் கோடு வைல்.
அதைக் குறுக்கே வெட்டும் சின்னக் கோடு வென்.
அன்டில் ஒரு சுவர்.
மீன்வைல் என்பது அடுத்த தெரு;
நீ இங்கே நிற்க, அங்கேயும் ஏதோ நடந்துகொண்டிருக்கும்.
சைமல்டேனியஸ்லி மட்டும் என் வாயில் நுழையவே இல்லை.
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
ஒரே நேரத்தில் நடந்த இரண்டும்
நடந்து முடிந்து
ஆளுக்கொரு பக்கம் போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை, இரண்டு மணிச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால்
கன்னியப்பன் விழுந்தான்.
இடுப்பெலும்பு. ஸ்டான்லியில் கிடக்கிறான்.

பார்த்தது தேசம்மா ஒருத்திதான், யார்டு பெருக்குகிறவள்.
விசாரிக்க வந்தவர் திருமூர்த்தி,
உடுமலைப்பேட்டைக்காரர்.
"என்னம்மா பாத்தீங்க?"
"அவன் பொட்டி மேல ஏறச்சொல்ல
கிரேன் ஆடிச்சி சார். உயுந்துட்டான்."
பேனா நின்றது.
"ஏறச் சொன்னது யாருங்க?"
"யாரு சொன்னா? ஏறச்சொல்லன்றேன்."
"அதத்தானுங்க கேக்கறேன். யார் சொல்ல?"
"ஐய, நா இன்னா சொல்றேன், நீ இன்னா கேக்குற.
நா பெருக்கினு வரச்சொல்ல, அவன் ஏறச்சொல்ல,
அது ஆடிச்சி."
"சரி, உங்கள வரச் சொன்னது யாருங்க?"

நான் சிரித்துவிட்டேன்.
சூப்பர்வைசர் ததேயுவும் சிரித்தார்,
கொஞ்சம் அதிகமாகவே.
பிறகு நான்தான் விளக்கினேன்.
சார், எங்க பக்கம் வரச்சொல்ல என்றால் வரும்போது,
போகச்சொல்ல என்றால் போகும்போது.
மழை பெய்யச்சொல்ல நனைந்தேன் என்றால்
மழையிடம் யாரும் சொன்னதாக ஆகாது.
"அப்படிங்களா" என்று அடித்துவிட்டு
இங்கிலீஷில் போடச் சொன்னார்.
வைல் ஹி வாஸ் கிளைம்பிங்.
நீளக் கோடு.
சொன்னவர் யாருமே இல்லாத கோடு.

ஆனால் அன்றைக்கு
என் மேசையில் வாக்கிடாக்கி ஆனில் இருந்தது.
ஒன்று ஐம்பத்திரண்டு. சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன்.
கரகரப்புக்குள் ததேயுவின் குரல்:
"லாக்க அவுக்கணும், ஏறு. ஏறுடா கன்னி, சங்கு ஊதப்போவுது."
அப்புறம் மூச்சு.
அப்புறம் இரும்பு.

ஏறச் சொல்லித்தான் ஏறினான்.
ஏறச்சொல்லதான் விழுந்தான்.
தேசம்மாவுக்கு அந்தக் குரல் கேட்டிருக்காது.
ஆனாலும் அவள் வாயிலிருந்து விழுந்த ஒற்றைச் சொல்லில்
இரண்டும் சைமல்டேனியஸ்லி இருந்தன.
நான்தான் ஒன்றை உருவி வெளியே எடுத்து
அர்த்தம் இதுதான் என்று கொடுத்தேன்.

கழிவறையிலிருந்து மிஸ்ஸுக்கு போன் போட்டேன்.
போதும் சொன்னதாலும் ஒரே சொல்லில் வருமா மிஸ்?
"ஆஸ் போட்டுப் பாரு" என்றார்.
குக்கர் விசில் அடித்தது.
"ஆனா பாதிதான் வரும்."

நான்கு பிரதியும் மேசைக்கு வந்துவிட்டது.
வெளியே மணலி டேங்கர்கள் ஒன்றின் வாலில் ஒன்று.
ததேயு வாசலில் நின்று
டீ சொல்லட்டுமா என்கிறார், இதுவரை சொல்லாதவர்.
படிவத்தின் அடியில் வேறு சாட்சிகள் என்று ஒரு காலி வரி,
ஒரு பெயர் கொள்ளும் நீளம்.
கன்னியப்பனின் கார்டில்
வெளியே போன நேரம் இன்னும் எழுதவில்லை.

பேனா மூடியை நான் திறக்கச்சொல்ல
சங்கு ஊதுகிறது.