முப்பத்தைந்து சதுர மில்லிமீற்றர்

வானுக்குள் கட்டில் ஏறிவிட்டது.
சிங்க் இருக்கிறது, தண்ணீர் வருகிறது,
மழைக்கு ஒழுகும் மூலைக்கு மூன்றுமுறை சிலிக்கன் பூசி
நான்காம்முறை பேசாமல் சட்டி வைத்தோம்.
கனடா ஏஜென்சி திருப்பித் தந்த பாதிக் காசில்
வாங்கிய பழைய ஹயஸ்.
இனி பற்றரியிலிருந்து இன்வேர்ட்டர்வரை
ஒரு சிவப்பு வயர் போகவேண்டும். அவ்வளவுதான்.

சுண்டுவிரல் மொத்தம் அது.
ஸ்ரான்லி வீதிக் கடையில் மீற்றருக்குச் சொன்ன விலையை
யூஜினுக்கு இன்னும் நான் சொல்லவில்லை.

"பிளையரால வெட்டலாம்" என்கிறான்.
பிளையரோ
கலியாணவீட்டுக்கு முதல் ஆளாய் வந்து
பந்தியில் மட்டும் நிற்கிற சொந்தக்காரன்.

நான் பிளவுஸ் தைக்கிறவள்.
வெட்டு என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும்.
துணிக் கத்தரிக்கோலால் யாரும் கடதாசி வெட்டினால்
எங்கள் வீட்டில் அன்றைக்குச் சமையல் இல்லை.

சின்ன சைட் கட்டர் நல்லதுதான்,
லைற்றுக்குப் போகிற மெல்லிய வயர்களை
நகம் வெட்டுகிற சத்தத்தில் டிக், டிக் என்று முடித்தது.
இந்தச் சிவப்பைக் கண்டதும்
கொட்டைப்பாக்கில் பால்பல் வைத்தமாதிரி
வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

வாள் அலகு?
இழுக்க இழுக்க, தலைமயிர்போல்
செப்பு இழைகள் வெளியே வரும். தூள் பறக்கும்.
பற்றரிப் பக்கத்தில் செப்புத்தூள் கொட்டுகிறவனுக்கு
வான் எதற்கு, அடுப்புப் போதும்.

பக்கத்துவீட்டு மரியநேசன்
கை நீளத்துக்கு ஒரு போல்ட் கட்டர் கொண்டுவந்தார்.
துரு மணம்.
"இதால எத்தினை சுருள் முள்ளுக்கம்பி…" என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.
எங்கே என்று கேட்கவில்லை. ரீ ஊற்றினேன்.
கடைப்பெடியன் சும்மா தந்த துண்டில் வைத்துப் பார்த்தோம்.
அதன் இரண்டு அலகும் நேருக்கு நேர் முட்டுகிறவை,
வெட்டாது, நசுக்கிப் பிரிக்கும்.
வயரின் வாய் தட்டையாகி
லக்கின் குழாய்க்குள் போகமாட்டேன் என்றது.

பிளவுஸ் தைக்க வந்த பிறேமளா
சுன்னாகத்தில் கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறவள்.
கைக்குழி அளவெடுக்கும்போது கேட்டேன்.
கையை உயர்த்தியபடியே சொன்னாள்:
"கிளிச்சொண்டு ஒண்டு இருக்கு, தாறன். ரெண்டு நாள்தான்.
அதால கம்பி, ஆணி, ஒண்டும் வெட்டக்கூடாது.
சொண்டு போச்செண்டால் பிளவுசுக்குக் காசில்லை."

எனக்கு விளங்கியது.

பிறைபோல் குழிந்த இரண்டு அலகு.
முட்டாமல், ஒன்றையொன்று உரசிக் கடந்துபோகிறவை.
வயர் குழிக்குள் போய் இருந்துகொண்டது.
மற்ற நுனி எதிலும் மாட்டவில்லை என்று
யூஜின் இரண்டுதரம் சத்தியம் செய்தான்,
மூன்றாம்தரம் நானே போய்ப் பார்த்தேன்.

அழுத்தினேன்.
சத்தம் பெரிதில்லை.
வாழைத்தண்டு வெட்டின முகம்மாதிரி
வட்டம் கெடாமல், அத்தனை இழையும் ஒரே மட்டத்தில்
புதுக்காசாய் மினுங்கின.

பிறகுதான் தெரிந்தது, நாலு விரல் கட்டை.
சில்லுக்கூட்டின் வளைவை யூஜின் அளக்கவில்லை.
தையலுக்கு விடுகிற ஓர் அங்குலத்தை
இதற்கும் விடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை.
மிச்சத் துண்டோ அதிலும் சின்னது.
பிளவுஸ் என்றால் கமக்கட்டில் ஒட்டுப் போடலாம்.
எங்கள் கையால் இதில் போடுகிற ஒட்டு
நடுச்சாமத்தில் சூடேறும்.

அரை மணித்தியாலம் நாங்கள் கதைக்கவில்லை.

பிறகு வயரை விட்டுவிட்டுப்
பற்றரியை நகர்த்தினோம், நாலு விரல்.
அதற்காகக் கட்டில் நகர்ந்தது.
யூஜின் இனிக் காலை மடக்கித்தான் படுப்பான்.

ஏழேகாலுக்கு வானுக்குள் லைற் எரிந்தது.
மரியநேசன் மதிலுக்கு மேலால் எட்டிப்பார்த்து
"முதல் எங்க போறியள்?" என்றார்.
சாட்டிக் கடற்கரை என்றான் யூஜின்.
சுன்னாகம் என்றேன் நான்.
நாளைக்குக் கிளிச்சொண்டைக் கொடுக்கவேண்டும்,
பிளவுசுக்கு இன்னும் கொளுக்கி தைக்கவில்லை.